பாதுகாப்புக்குக் கொடுத்த துப்பாக்கியைப் பாழாக்கி, பில்லும் போட்டார்கள்

பாலக்காடு, கோயம்புத்தூர் பக்கம் வீட்டுப் பெரியவர்களின் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை ஆயுதக் கடையில் ஒப்படைத்து வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இந்த வாரமே ஒருமுறை கடைக்குப் போய் அதை வெளியே எடுக்கச் சொல்லிப் பாருங்கள். எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடந்திருக்கலாம். கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். அம்மாவின் அப்பா, எங்கள் அப்பிச்சி, நிலக்கடலைக் காட்டுக் காவலுக்கு வைத்திருந்த 12 போர் (குழலின் அளவு) துப்பாக்கி அது. பர்மிங்காமில் செய்தது. தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் குதிரைகள் இரண்டும் வெளியே தெரியும் பழைய மாதிரி. குழல்கள் டமாஸ்கஸ் வேலைப்பாடு. இரும்பும் எஃகுமான கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, உருளைமேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒன்றாக்கிச் செய்த குழல்கள். அவற்றை மெல்லத் துருவேற்றித் துடைத்து, மறுபடி துருவேற்றித் துடைத்துப் பதப்படுத்தும்போது இரும்பு ஒரு நிறமாகவும் எஃகு ஒரு நிறமாகவும் பிரிந்து, ஆற்று மணலில் தண்ணீர் ஓடிய தடம்போல வரி வரியாக எழும்பும். அப்பிச்சி எண்ணெய்த் துணியால் துடைக்கும் நேரத்தில் மட்டும் அந்த வரிகளைத் தொட்டுப் பார்க்க எங்களை விடுவார்.

தள்ளாத வயதில் வீட்டில் வைத்திருக்கப் பயந்து, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் உள்ள ஓர் ஆயுதக் கடையில் அவரே கொண்டுபோய் ஒப்படைத்தார். அவருடைய உரிமம் அகில இந்தியாவுக்கும் செல்லும் என்பதால் மாநில எல்லையான வாளையாறு தாண்டுவதில் சிக்கல் இல்லை. துப்பாக்கி எண்ணுடன், ‘பாதுகாப்புக்கு மட்டும்’ என்று எழுதிய ரசீது இன்றும் எங்களிடம் இருக்கிறது. அவர் காலமானதும் மாமா கடைக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்தார். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி வாரிசு ஒருவர் தம் பெயரில் உரிமம் கேட்கலாம். மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரவேண்டும். அம்மா, பெரியம்மா, மாமா மூவரும் எனக்கு எழுதிக் கொடுத்தார்கள். (உரிமம் உள்ளவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் கேட்டு வையுங்கள்.)

விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போதே கடைக்காரர் மாமாவைத் தூண்டில் போட்டுப் பார்த்தார். “இது பழங்காலப் பொருள் சார், இதற்கு லைசென்ஸே தேவையில்லை. எதற்கு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறீர்கள்? பேப்பர் எதுவும் வேண்டாம், நானே ஒரு விலை போட்டு எடுத்துக்கொள்கிறேன்” என்றாராம். அப்பட்டமான பொய். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு பழம்பொருளுக்கு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பதற்கு மட்டுமே அந்த விலக்கு. தோட்டா போட்டால் வெடிக்கிற துப்பாக்கிக்கு அது எவ்வளவு பழையதானாலும் உரிமம் வேண்டும். காகிதம் இல்லாமல் விற்றிருந்தால் பதிவேட்டில் அது அப்பிச்சி பெயரிலேயே நின்றிருக்கும். நாளைக்கு யார் கையில் அகப்பட்டாலும் கேள்வி எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வந்திருக்கும். மாமா மறுத்துவிட்டார்.

உரிமம் என் பெயருக்கு வந்தபின், பழைய துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துப் பழகிய பெரியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வாங்கப் போனேன். கடைக்காரர் மேசைமேல் எடுத்து வைத்தது கரிக்கறுப்பாக மின்னியது. ஒரு வரிகூட இல்லை. கூடவே ஒரு பில்: சர்வீஸ், பாலிஷ், சேம்பர் (தோட்டா அறை) வேலை. யார் கேட்டார்கள் என்றதற்கு, “புதுசாக்கிக் கொடுத்திருக்கிறோம், சந்தோஷப்படுங்கள்” என்றார்.

பெரியவர் ஒன்றும் பேசாமல் குழல்களைக் கழற்றினார். அடியில் இருக்கும் கொக்கியை ஒரு விரலில் மாட்டித் தொங்கவிட்டு, மறு கை விரல் நகத்தால் தட்டினார். நல்ல குழல் என்றால் கணீரென்று ஒலி நீண்டு கேட்கும். இது சொத்தென்று அடங்கியது. இரண்டு குழல்களையும் இணைக்கும் நடுப்பட்டை ஈயப்பற்றால் ஒட்டப்பட்டது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து 140 டிகிரி வாக்கில் கொதிக்கும் கரைசலில் முக்கிக் கறுப்பேற்றுவது புதுத் துப்பாக்கிகளுக்கான முறை. அந்தக் கரைசல் ஈயப்பற்றைத் தின்றுவிடும். பழைய இரட்டைக்குழலை அதில் முக்கவே கூடாது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த பாடம். தெரிந்தே செய்திருக்கிறார்கள், அல்லது தெரியாமல் கடை நடத்துகிறார்கள். இரண்டும் பயங்கரம்.

அடுத்தது சேம்பர். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் பெரும்பாலும் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 65 மி.மீ. இதுவும் அப்படித்தான் இருந்தது. இப்போது அளந்தால் 70. வெடிக்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்திலேயே உள்ளிருந்து உலோகத்தைக் குடைந்து எடுத்திருக்கிறார்கள். கருமருந்துக்காகச் செய்து, கருமருந்துக்கே சோதனை செய்து முத்திரையிட்ட குழல் அது. “இனி எந்தத் தோட்டாவும் போடலாம், காட்டுப்பன்றிக்குத் தாராளமாக எடுத்துப் போங்கள்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்கு உடம்பு நடுங்கியது. 2022-இல் கேரள அரசு பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்குக் கொடுத்ததிலிருந்து, எங்கள் பக்கத்தில் உரிமம் உள்ள துப்பாக்கிக்குத் தேவை கூடியிருக்கிறது. இவர் பேச்சை நம்பி இதில், கருமருந்தைவிட அழுத்தம் கூடிய இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்து இடது கையே போகலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்தைப் பெரியவர் கடைசியில்தான் காட்டினார். பாலிஷ் சக்கரத்தில் தேய்த்ததில் பர்மிங்காம் முத்திரைகளோடு துப்பாக்கி எண்ணும் பாதி அழிந்திருந்தது. ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி எண்ணை அழிப்பது குற்றம். எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவரே அழித்தார் என்று சட்டம் கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கவேண்டியது அவர் பொறுப்பு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்திருந்தால் குற்றவாளி நான்.

நான் வாங்கவில்லை. பில்லையும் கட்டவில்லை. “இந்த நிலையில் இதற்கு என்ன மதிப்பு, நானே பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்” என்று அப்போதும் பேரம் பேசினார். கெடுத்தவரே மதிப்புப் போடுகிறார். அங்கேயே படம் எடுத்து, நிலையை விவரித்து எழுதி, அவரிடம் ஒப்புகை கேட்டேன். மறுத்ததால் பதிவுத் தபாலில் அனுப்பினேன். உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கும், கடை இருக்கும் பகுதிக் காவல் நிலையத்துக்கும் ரசீது நகலோடு மனு கொடுத்திருக்கிறேன்.

கடை வேறு மாநிலத்தில் இருக்கிறதே, கோர்ட்டுக்கு அங்கே அலைய முடியுமா என்று மலைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். பாலக்காட்டில் என் மனு ஏற்கப்பட்டிருக்கிறது. இதே கடையில் ஒப்படைத்த இன்னும் இரண்டு குடும்பத்தார் தங்கள் துப்பாக்கிகளைப் பார்க்கப் போகிறார்கள். ரசீதில் குழல், பூட்டு (விசைப் பகுதி), முன்கட்டை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) மூன்றின் எண்களும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள், ‘எந்த வேலையும் செய்யக்கூடாது’ என்ற வரியோடு சேர்த்து.