அவசரப் பிரிவு வருகைப் பதிவா, ஆய்வக முடிவா?

பருவகாலக் காய்ச்சலின் (இன்ஃபுளுயன்சா) ஏற்ற இறக்கத்தைக் கண்காணிக்க, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரின் எண்ணிக்கையைப் பின்தொடர்வதா, ஆய்வகத்தில் உறுதியான தொற்றுகளை மட்டும் கணக்கிடுவதா என்ற தயக்கம் பலருக்கும் உண்டு.

வேகம்: "மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல்" என்று நோயாளி சொல்லும் சொற்களே வருகைப் பதிவில் ஏறிவிடுவதால், மறுநாளே எண்ணிக்கை கைக்கு வந்துவிடும். ஆய்வக முடிவோ, மாதிரி எடுத்து, அனுப்பி, வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனை முடிந்த பிறகுதான் வரும்.

துல்லியம்: இங்கே ஆய்வகத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் இருமலும் கடந்த 10 நாள்களுக்குள் தொடங்கியிருந்தால், அதை இன்ஃபுளுயன்சா போன்ற நோய் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. ஆனால் சுவாசப் பாதையைத் தாக்கும் ஆர்எஸ்வி, கொரோனா வைரஸ்களும் இதே அறிகுறிகளோடு வரக்கூடும் என்பதால், வருகைப் பதிவு அலை எழுவதைக் காட்டுமே தவிர, அது எந்த வைரஸின் அலை என்பதைச் சொல்லாது. மேலும், வெளிநோயாளர் பிரிவுகள் மூடியிருக்கும் விடுமுறை நாள்களில் அவசரப் பிரிவில் கூட்டம் பெருகும். ஆகவே வெறும் தலைக்கணக்கை விட, மொத்த வருகையில் காய்ச்சல்காரர்களின் விழுக்காட்டைப் பார்ப்பதே முறை.

செலவு: முன்னது ஏற்கெனவே உள்ள பதிவு, பின்னதில் ஒவ்வொரு மாதிரிக்கும் செலவு.

வீட்டிலேயே படுத்துத் தேறுபவர்கள் இரண்டிலும் விடுபடுகிறார்கள்.

படுக்கைகளையும் பணியாளர்களையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டிய மருத்துவமனைக்கு வருகைப் பதிவே உதவும். பரவும் வைரஸின் உட்பிரிவையும் தடுப்பூசி அதற்குப் பொருந்துகிறதா என்பதையும் அறிய வேண்டியோர் ஆய்வகத்தைத்தான் நாட வேண்டும்.