"ஆய்வில் தேறவைத்துத் தருகிறோம்" என்றவர்களிடம் 1,850 டாலர் போனது

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அரசின் செக்‌ஷன் 8 வாடகை உதவி பெறும் குடும்பத்துக்கு வீடு விடப்போகும் தமிழர்கள் கவனிக்கவும். இந்த உதவியைத் தரும் வீட்டுவசதி ஆணையம் குடிவருமுன் நடத்தும் ஆய்வில் வீடு தேறாவிட்டால் பணம் வாபஸ் என்று சொன்ன பழுதுபார்ப்பு நிறுவனம் ஒன்று என் 1,850 டாலரை விழுங்கிவிட்டது. முந்தாநாள் ஆய்வு. வீடு தேறவில்லை.

வேலையாட்களைத் தேடித் தரும் இணையதளம் ஒன்றில் கிடைத்தவர்கள் இவர்கள். வந்தவர் கையில் ஆணையத்தின் படிவமே இருந்தது. "1978-க்கு முன் கட்டிய வீடு, குடிவருவது ஆறு வயது நிரம்பாத பிள்ளை. பெயிண்ட் உரிந்திருந்தால் விடவே மாட்டார்கள், பிள்ளைகளுக்கு நஞ்சான ஈயம் இருக்கலாம்" என்றார். அத்தனையும் உண்மை. இவ்வளவு தெரிந்தவர் ஒழுங்காகச் செய்வார் என்று நம்பித்தான் முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்தேன்.

செய்தது என்ன? உரிந்த ஜன்னல் சட்டத்தைச் சுரண்டக்கூட இல்லை, மேலேயே வெள்ளை அடித்திருக்கிறார்கள். ஆய்வாளர் விரலால் தொட்டதும் பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்த வேண்டிய ஜிஎஃப்சிஐ பிளக் பாயின்ட்டைச் சிங்க் அருகே புதிதாக மாட்டியிருந்தார்கள். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்கவில்லை. வாட்டர் ஹீட்டரின் பாதுகாப்பு வால்விலிருந்து தரையை நோக்கி இறங்க வேண்டிய குழாயைக் காணோம். மாடியில் புகை அலாரம் பளபளவென்று இருந்தது. உள்ளே பேட்டரி இல்லை. குழந்தை தூங்கப்போகும் அறைக்கு வெளியே, வெறும் பிளாஸ்டிக் மூடி! இதற்கா 1,850 டாலர்?

தொலைபேசியில் கேட்டால் முதலில் "மேலாளரிடம் சொல்கிறோம்". பிறகு "உங்களுக்கு வந்த ஆய்வாளர் கறாரானவர்". கடைசியில், மறு ஆய்விலும் தோற்றால்தான் உத்தரவாதம் செல்லுமாம். மறு ஆய்வுக்கான வேலையைச் செய்யத் தனிக் கட்டணமாம்! இணையதளமோ "இது உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம்" என்று புகாரை மூடிவிட்டது.

வீடு தேறும்வரை ஆணையம் தரும் வாடகைப் பங்கில் ஒரு சென்ட் வராது. குடிவர வேண்டிய அம்மா "எப்போது சாவி தருவீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. முதல் ஆய்வுக்கு ஆணையம் கட்டணம் வாங்காது. அதன் பெயரில் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பழைய பெயிண்ட்டில் கை வைப்பவரிடம் ஈயப் பாதுகாப்புச் சான்று கேளுங்கள். அலாரத்தை நீங்களே அழுத்திப் பாருங்கள். பாதிப் பணத்தை ஆய்வு முடியும்வரை பிடித்துவையுங்கள்.

நான் கார்டு வங்கியில் புகார் கொடுத்துவிட்டேன். 1,850 டாலரையும் விடுவதாக இல்லை.