பட்டைத் தோலா, குரோம் தோலா? ஓரத்தைப் பார்த்துச் சொல்கிறேன்

பர்ஸ், கார்டு உறை, பெல்ட், சிறிய தோள்பை என்று கையால் செய்து விற்கிற தொழிலில் எந்த ஊசி, எந்த நூல் என்பதெல்லாம் பிறகு வரும் கவலைகள். எந்தத் தோலை வாங்குவது என்பதுதான் முதல் கேள்வி. அந்தத் தோல், அதன் பிறகு உங்கள் வேலை நாள் எப்படிக் கழியும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. சந்தையில் பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு: மரப்பட்டை, காய், இலை போன்றவற்றின் துவர்ப்புச் சாற்றில் பதனிட்ட தோல் ஒன்று, குரோமிய உப்பில் பதனிட்ட தோல் இன்னொன்று. முதலாவதை இங்கே பட்டைத் தோல் என்றே எழுதுகிறேன். இரண்டிலும் வேலை செய்து, விற்று, பழுதுக்குத் திரும்பி வந்தவற்றையும் பார்த்த பிறகு நான் பட்டைத் தோல் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆகவே இதை நடுநிலைத் தராசு என்று எண்ணிப் படிக்க வேண்டாம்.

எல்லோரும் சொல்வதை முதலில் முடித்துவிடலாம். குரோம் தோல் மென்மையானது, எந்த நிறத்திலும் கிடைக்கும், தண்ணீரைத் தாங்கும், பெரும்பாலும் விலையும் குறைவு. பட்டைத் தோல் விறைப்பானது, நிறங்கள் குறைவு, நனைந்தால் கறை படியும், ஆனால் கைபடக் கைபட நிறம் ஆழமாகி அழகு கூடும். இவ்வளவும் உண்மைதான். ஆனால் இதை வைத்துத் தொழிலுக்கான முடிவை எடுக்க முடியாது. பொருள் வாங்குபவருக்கு இந்தப் பட்டியல் போதும். செய்பவருக்கு வேறொன்று வேண்டும்.

அது என்ன என்று சொல்வதற்கு முன், பதனிடும்போது தோலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க அந்த இழைகளை ஒன்றோடொன்று பிணைத்தாக வேண்டும். கருவேலம்பட்டை, கடுக்காய், செஸ்ட்நட் மரம், கெப்ராச்சோ மரம் ஆகியவற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் மெதுவாக உள்ளே ஊறி இதைச் செய்கிறது. குழியில் ஊறவைக்கும் பழைய முறையில் வாரங்கள், தடித்த தோலுக்கு மாதங்கள்கூட ஆகும். டிரம்மில் சுழற்றினால் நாட்கணக்கில் முடியும். குரோம் முறைக்கு வயது குறைவு. ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரிட்ரிஷ் க்னாப் 1858-இல் இதைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் தொழிற்சாலைகளுக்குப் போனது. இதில் ஒரு நாளுக்குள் பதன் முடிந்துவிடலாம். உலகில் தயாராகும் தோலில் மிகப் பெரும் பங்கு இன்று குரோம்தான்.

அளவில்தான் பெரிய வேறுபாடு. குரோமியம் தோலின் எடையில் சில சதவீதம் மட்டுமே இருக்கும். இழைகளை அங்கங்கே பிணைத்துவிட்டு, நடுவில் உள்ள இடத்தைக் காலியாக விட்டுவிடும். டானின் அப்படியல்ல. இழைகளுக்கு நடுவே புகுந்து இடத்தை நிரப்பிவிடும். அதனால்தான் பட்டைத் தோல் கையில் கனமாக, நிறைவாக இருக்கிறது. நனைத்து வளைத்தால் வளைத்த இடத்தில் நிற்கிறது. குரோம் தோலை எவ்வளவு அழுத்தினாலும் ஸ்பான்ஜ் போலப் பழைய இடத்துக்கே எழும்பிவிடும்.

நான் முக்கியம் என்று நினைக்கும் விஷயம் இங்கேதான் இருக்கிறது: வெட்டிய ஓரம். ஒரு பர்ஸைக் கையில் எடுப்பவர் மேல்பரப்பைத் தடவுவார், உள்ளே திறந்து பார்ப்பார், அடுத்து அவர் விரல் தானாக ஓரத்துக்குப் போகும். கைவேலை, கடைச் சரக்கு என்ற பேதம் அங்கே தெரிந்துவிடும். இரண்டு மூன்று அடுக்குகளை ஒட்டித் தைத்த பின் அந்த ஓரத்தை என்ன செய்வது என்பதில்தான் இந்தத் தொழிலின் பாதி நேரம் கரைகிறது.

பட்டைத் தோலில் வேலை இப்படிப் போகும். ஒட்டிய அடுக்குகளை உப்புத்தாளால் சமமாக்குவேன். முதலில் 220 எண் தாள், பிறகு அதைவிட நைசான 400, பொறுமை இருந்தால் 600. ஓரச் சீவுளியால் இரு பக்கக் கூர்முனைகளையும் மெல்லிய நூல் போல உரித்தெடுத்தால் ஓரம் உருண்டு வரும். பிறகு ஈரம்: வெறும் தண்ணீரோ, டிரகாகந்த் பிசின் கரைசலோ போதும். ஓரம் மட்டும் நனைய வேண்டும், மேல்பரப்பில் வழியக் கூடாது. அடுத்து, வரிப்பள்ளம் வெட்டிய மரத் துண்டால் வேகமாக, ஆனால் லேசாகத் தேய்க்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். கொஞ்ச நேரத்தில் மரம் ஓடும் சத்தம் மாறும். சரசரப்பு போய் வழுக்கும் ஒலி வரும். அப்போது பார்த்தால் அடுக்குகளுக்கு நடுவே இருந்த கோடு மறைந்து, ஒரே துண்டுத் தோலை வெட்டியது போல ஓரம் அடர்ந்து மின்னும். தேன்மெழுகைத் தடவி, துணியால் சூடேறத் தேய்த்தால் முடிந்தது. ஈரமும் சூடும் படும்போது நிரம்பிய இழைகள் இறுகி அப்படியே நின்றுவிடுகின்றன. மேலே பூசி ஒட்ட வைத்த மினுமினுப்பு இதில் இல்லை. தோலே மெருகாகியிருக்கிறது.

அதே மரத் துண்டையும் அதே பிசினையும் குரோம் தோலிடம் கொண்டு போனால் நார் நாராகக் கிளம்பும், அழுத்தினால் படியும், காய்ந்ததும் மறுபடி எழும்பும். எவ்வளவு தேய்த்தாலும் அதன் இழைகளுக்கு இறுகி நிற்கத் தெரியாது. ஆகவே குரோம் தோலுக்கு ஓரத்தில் பெயின்ட் பூச வேண்டும். ஒரு பூச்சு போதாது. முதல் பூச்சு இழைகளுக்குள் இறங்கிவிடும். காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டாவது. மறுபடி தேய்த்து மூன்றாவது. நல்ல வேலை என்றால் அதற்கு மேலும் போகும். நடுவில் சூடான இரும்பு முனையால் மட்டம் செய்வார்கள். ஒவ்வொரு பூச்சும் காய்வதற்குக் காத்திருக்க வேண்டும். பெரிய பட்டறையில் ஒரே நேரத்தில் நூறு உறைகளை வரிசையாகத் தொங்கவிட்டால் இந்தக் காத்திருப்பு கணக்கில் வராது. தனி ஆளாக ஒன்றிரண்டு பொருட்களைச் செய்பவருக்கு அது மேசையை அடைத்துக்கொண்டு கிடக்கும். தூசி படியும், விரல் ரேகை படியும், திரும்பவும் உப்புத்தாள்.

நேரத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். விற்ற பிறகு வருவதுதான் பெரிது. பெயின்ட் என்பது தோலின் மேல் நிற்கும் ஒரு படலம். தோல் மடியும் இடத்தில் அந்தப் படலமும் மடிய வேண்டும்: பர்ஸின் நடு மடிப்பு, கார்டு செருகும் வாயின் மூலை, பை வார் வளையத்தில் திரும்பும் இடம். விரிசல் அங்கேதான் தொடங்கும். ஒரு சிறு விரிசலை நகத்தால் நிமிண்டாத மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நிமிண்டியதும் ரப்பர் நாடா போலக் கழன்று வரும். அதைச் சரிசெய்ய அந்த இடத்தில் மட்டும் பூசினால் ஒட்டுப் போட்டது பளிச்சென்று தெரியும். பக்கம் முழுவதையும் சுரண்டி, மட்டம் செய்து, முதலிலிருந்து பூச வேண்டும். பழைய பெயின்டின் நிறமும் இதற்குள் சற்று மாறியிருக்கும்.

பட்டைத் தோல் ஓரமும் தேயும், நார் எழும்பும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மருந்து ஒரு துண்டு உப்புத்தாள், கொஞ்சம் ஈரம், ஒரு தேய்ப்பு, மெழுகு. வாடிக்கையாளர் நின்றுகொண்டிருக்கும்போதே முடித்துக் கொடுத்துவிடலாம். சிலரிடம் ஒரு சிறு மெழுகுக் கட்டியையும் பழைய கித்தான் துண்டையும் சேர்த்துக் கொடுத்து, நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். செய்கிறார்கள், மகிழ்ச்சியோடு. சிறு தொழிலில் 'என்றைக்குப் பழுதானாலும் கொண்டு வாருங்கள்' என்று வாக்குக் கொடுத்துத்தான் நாம் பெரிய கடைகளோடு போட்டி போடுகிறோம். அந்த வாக்கு நம்மையே விழுங்காமல் இருக்க வேண்டுமானால் பழுது எளிதாக இருக்க வேண்டும். என் முடிவு இந்த ஒரு காரணத்தில்தான் நிற்கிறது.

குரோம் தோலுக்கு ஓரப் பிரச்சினையைத் தாண்ட இன்னொரு வழி உண்டு: ஓரத்தை மெல்லியதாகச் சீவி, உள்பக்கம் மடித்து ஒட்டித் தைப்பது. மடித்த ஓரம் பெயின்டை விட நீண்ட காலம் நிற்கும், பார்க்கவும் நேர்த்தி. ஆனால் அரை மில்லிமீட்டர் வாக்கில் சீராகச் சீவ வேண்டும். மெத்தென்ற குரோம் தோல் கத்திக்கு அடியில் நழுவும், இழுபடும். சீவும் இயந்திரம் இருந்தால் இந்தக் கட்டுரையின் கணக்கே கொஞ்சம் மாறும். பெயின்ட் ஓரத்தையே கலையாக வளர்த்த பட்டறைகளும் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களிடம் அதற்கென்றே ஆளும் கருவியும் உண்டு.

இனி, பட்டைத் தோலின் தொல்லைகள். தண்ணீர்த் துளி பட்டால் கருவட்டம் விழும். வெயில் பட்டால் நிறம் கறுக்கும். அலமாரியில் ஒரு உறையின் மேல் இன்னொன்றைச் சாய்த்து வைத்துவிட்டால், எடுக்கும்போது அடியில் உள்ளதில் மேலே இருந்ததன் நிழல் அச்சாக விழுந்திருக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும். இரும்பு இதற்குப் பகை: கத்தியைத் தீட்டிய தூள் ஈரத்தோலில் பட்டால் கருநீலப் புள்ளி. பழைய காலத்து எழுத்து மையும் இதே இரும்பும் டானினும் சேர்ந்த வேதியியல்தான். இதையே பயனாக்கி, இரும்பை வினிகரில் ஊறவைத்த நீரால் தோலைக் கறுப்பாக்குபவர்களும் உண்டு. தற்செயலாக விழுந்த புள்ளியை மட்டும் யாரும் கலை என்று வாங்குவதில்லை. தீட்டும் கல்லை மேசையிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

சேதாரத்திலும் பட்டைத் தோல் பின்தங்குகிறது. இயல்பான மேல்பரப்போடு விற்கப்படுவதால் முள் கீறல், உண்ணிக்கடி, கழுத்துச் சுருக்கம் எல்லாம் வெளியே தெரியும். குரோம் தோலின் நிறப்பூச்சு பெரும்பாலும் இவற்றை மூடிவிடும். வயிற்றுப் பகுதி தளர்ந்து இழுபடும். பெல்ட்டுக்கு முதுகுப் பகுதிதான் ஆகும். சதுர அடி விலையை மட்டும் ஒப்பிட்டால் போதாது. ஒரு தோலிலிருந்து விற்கத்தக்க எத்தனை துண்டுகள் தேறுகின்றன என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் குரோம் தெளிவாக வெல்கிறது. ஓரத்தில் மிச்சமாகும் உழைப்பு அதை ஈடுகட்டுகிறது என்பது சிறு பொருட்கள் செய்யும் என் அனுபவம். பெரிய பைகளில் ஓரத்தை விடப் பரப்பு அதிகம் என்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சட்டை, செருப்பு செய்ததில்லை. அவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை.

குரோம் என்றதும் நஞ்சு என்று சிலர் பதறுவார்கள். பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அஞ்ச வேண்டியது ஆறு இணைதிறன் வடிவம். பதனிடுவதிலும் சேமிப்பதிலும் கவனம் தவறினால் அது உருவாகக்கூடும். உடலில் படும் தோல் பொருட்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால் விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதத்திலிருந்து தடை வைத்திருக்கிறது. அங்கே விற்பவர்கள் தோல் கொடுப்பவரிடம் பரிசோதனைச் சான்று கேட்டு வாங்க வேண்டும். மறுபுறம், 'இயற்கைத் தோல்' என்ற அட்டையை மாட்டிப் பட்டைத் தோலைப் புனிதமாக்குவதும் எனக்கு ஒப்பவில்லை. அதற்கும் தண்ணீர் செலவாகிறது, கழிவுநீர் வருகிறது.

இரண்டையும் கலந்து செய்தால் என்ன என்று கேட்பீர்கள். வெளியே பட்டைத் தோல், உள்ளே மெல்லிய குரோம் ஆட்டுத்தோல் என்று அடுக்கினால் பர்ஸ் தடிக்காது, மடிப்பும் இதமாக இருக்கும். ஆனால் ஓரத்தைத் தேய்க்கும்போது வெளி அடுக்கு மெருகேறும், உள் அடுக்கு மட்டும் பஞ்சுக் கோடாக நிற்கும். உள் அடுக்கை ஓரத்துக்கு வராமல் சற்று உள்ளேயே வெட்டி நிறுத்தினால் தப்பிக்கலாம். முதலில் குரோமும் பிறகு டானினும் ஏற்றிய இருபதன் தோல்களும் விற்கிறார்கள். நான் அவற்றில் வேலை செய்தது குறைவு. கையில் வந்த சில துண்டுகள் ஓரளவுக்கு மெருகேறின, சில ஏறவே இல்லை.

புதிதாகத் தொடங்குபவர் முழுத் தோலை வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரு ஓரத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். வெட்டுமுகத்தைப் பாருங்கள், நடுவில் வெளிர் நீலச்சாம்பல் தெரிந்தால் பெரும்பாலும் குரோம், பழுப்பு என்றால் பட்டைத் தோலாக இருக்க வாய்ப்பு அதிகம். சாயம் உள்வரை இறங்கியிருந்தால் கண்ணை நம்பாதீர்கள். ஓரத்தை நனைத்து, ஒரு கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தித் தேயுங்கள். இறுகி மின்னினால் பர்ஸுக்கும் பெல்ட்டுக்கும் வாங்கலாம். நார் எழும்பினால், ஓரத்தை மடித்துத் தைக்கும் பைகளுக்கு மட்டும் வாங்குங்கள். அப்படிப்பட்ட பை ஒன்றுக்கு, அதுவும் அடர் நீலமோ சிவப்போ வேண்டும் என்று யாராவது கேட்டு வந்தால் நானும் குரோம் தோல்தான் எடுக்கிறேன். மடிப்பு வேலைக்கான நாட்களையும் சேர்த்தே தேதி சொல்கிறேன்.