மூன்று வருடத்தில் கேப்டன் என்று சொல்லி எங்களிடம் ரூ.16,40,000 வாங்கிவிட்டார்கள். பைலட் வேலை தேடுபவர்களும் பெற்றோரும் தயவுசெய்து படியுங்கள்

இன்று மதியம்தான் அந்த ஆபீஸ் வாசலில் இருந்து திரும்பி வந்தோம். ஷட்டரை இறக்கிப் பூட்டியிருக்கிறார்கள். போர்டையும் கழற்றிவிட்டார்கள். கீழே டீக்கடைக்காரர், "பத்து நாளாச்சும்மா, சாமானெல்லாம் வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்த மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ரூ.16,40,000. அப்பா அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பெரும்பகுதி அது. கடைசி தவணைக்கு அம்மாவின் நகையும் அடகுக்குப் போனது. இன்னும் ஒரு குடும்பம் இதில் விழக் கூடாது என்றுதான் இன்றே எழுதுகிறேன். பணம் கட்டுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் 2023ல் சி.பி.எல்., அதாவது சம்பளத்துக்கு விமானம் ஓட்டத் தேவையான கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், வாங்கினேன். 200 மணி நேரம் பறந்து, டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) தேர்வுகள் எல்லாம் முடித்து லைசென்ஸ் கையில் வந்த அதே வருடம் மே மாதம் கோ ஃபர்ஸ்ட் ஏர்லைன் பறப்பதை நிறுத்தியது. ஏற்கெனவே ஏ320 ரக விமானம் ஓட்டிப் பழகிய பைலட்டுகள் மொத்தமாக வேலை தேடி வெளியே வந்தார்கள். 200 மணி நேரம் மட்டும் வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியதாயிற்று. இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டு ஓய்ந்திருந்தேன். ஃபிளையிங் ஸ்கூலுக்கு வாங்கிய கடன் வட்டியோடு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலைமையில்தான் 2025 ஆகஸ்டில் ஒரு தோழி மூலம் இந்த கன்சல்டன்சி தெரிய வந்தது. பெயர் எழுதவில்லை, போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு சின்ன ஆபீஸ். டைப் ரேட்டிங் பயிற்சிக்கு (குறிப்பிட்ட ஒரு ரக விமானத்தை ஓட்டத் தகுதி பெறும் பயிற்சி) வெளிநாடு அனுப்பி, ஏர்லைனில் வேலைக்கும் ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்பவர்கள்.

அந்த ஆபீஸை நடத்தியவரை எல்லோரும் "கேப்டன் சார்" என்றுதான் கூப்பிட்டார்கள். சுவரில் நாலு தங்கப் பட்டை போட்ட யூனிஃபார்மில் அவர் படம். 65 வயது ஆகிவிட்டதால் பறப்பதை விட்டுவிட்டேன், இனி பிள்ளைகளை மேலே கொண்டுவருவதுதான் வேலை என்றார்.

அன்றைக்கு அப்பா செக் புத்தகத்தோடுதான் வந்திருந்தார். எடுத்து மேஜை மேல் வைத்தபோது அந்தக் கேப்டன் கையால் தள்ளிவிட்டார். "இன்னைக்குப் பணம் வேண்டாம் சார். வாத்தியார் சம்பாத்தியம், எனக்குத் தெரியும். வீட்ல போய்ப் பேசுங்க, நாலு பேர்கிட்ட விசாரிங்க, அப்புறம் வாங்க" என்றார். அந்த ஒரு நிமிடத்தில்தான் நாங்கள் விழுந்தோம். திரும்பும் வழி முழுக்க அப்பா அதையே சொல்லிக்கொண்டு வந்தார்: பணத்தாசை பிடித்தவன் என்றால் அப்போதே வாங்கியிருப்பானே என்று. அதன் பிறகு நாலு பேரிடம் விசாரிக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அவர் சொன்ன தகவல்கள் பொய்யாக இருந்திருந்தால் நானே பிடித்திருப்பேன். அவர் காட்டியது எல்லாம் பத்திரிகையில் வந்த உண்மையான செய்திகள். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா ஆர்டர் செய்தது 470 விமானங்கள். அதே வருடம் ஜூனில் இண்டிகோ ஒரே ஆர்டரில் 500. 2024 ஜனவரியில் ஆகாசா ஏர் 150. ஒரு வெள்ளைத் தாளில் கூட்டிக் காட்டினார். "1,120 விமானம்மா! ஒண்ணுக்கு ஆறு கேப்டன்னு வெச்சுக்கோ, கணக்கு நீயே போடு." அதற்குக் கீழே 2026 கோ-பைலட், 2029 கேப்டன் என்று எழுதி, பக்கத்தில் கேப்டன் யூனிஃபார்ம் பட்டை மாதிரி நாலு கோடு போட்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்த 1,120 விமானங்கள் எப்போது வரும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இண்டிகோவின் அந்த 500 விமானங்கள் 2030 முதல் 2035 வரை வரவேண்டியவை. ஆகாசாவின் ஆர்டர் 2032 வரை நீள்கிறது. அதுவும் 2024 ஜனவரியில் அமெரிக்காவில் பறந்துகொண்டிருந்த ஒரு 737 மேக்ஸ் விமானத்தின் கதவு அடைப்பு பிய்த்துக்கொண்டு போன பிறகு, அந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ., அதைத் தயாரிக்கும் போயிங்கின் மாத உற்பத்திக்கே உச்சவரம்பு போட்டுவிட்டது. இன்னொரு பக்கம், பிராட் அண்ட் விட்னி இன்ஜின் கோளாறால் இண்டிகோவில் ஒரு கட்டத்தில் 70க்கும் மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்றன. தரையில் நிற்கும் விமானத்துக்குக் கேப்டனும் தேவையில்லை, கோ-பைலட்டும் தேவையில்லை. இதெல்லாம் தேடினால் கிடைக்கிற விஷயம். நான் தேடவில்லை.

அப்புறம் அவசரப்படுத்தினார். 2024 அக்டோபரில் ஏ.ஐ.எக்ஸ். கனெக்ட் (பழைய ஏர் ஏஷியா இந்தியா) ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு சேர்ந்துவிட்டது, நவம்பர் 12ல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது, இனிமேல் சீனியாரிட்டி லிஸ்ட் ஒன்றுதான், இப்போதே உள்ளே போனால் உனக்குப் பின்னால் வருகிற ஆயிரம் பேருக்கு மேலே நிற்பாய் என்றார். ஏர்லைனில் பைலட்டுக்கு சீனியாரிட்டி நம்பர் எவ்வளவு முக்கியம் என்பது எல்லா மாணவருக்கும் தெரியும். அடுத்த கமாண்ட், அதாவது கேப்டன் பதவி, யாருக்கு, பெரிய விமானத்துக்கு யார் போவது என்பதில் எல்லாம் அந்த வரிசை வந்து நிற்கும். அந்தப் பயத்தைத்தான் தொட்டார்.

பணம் போன பிறகு, ஒரு ஏர்லைனில் கோ-பைலட்டாக இருக்கும் என் சீனியர் அக்காவிடம் பேசினேன். அவர் சொன்னதைக் கேட்டபோது வயிறு எரிந்தது. நிறுவனங்கள் சேரும்போது புதிதாக வருபவனுக்கு வழி திறக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இரண்டு வரிசையில் நின்றவர்களை ஒரே வரிசையில் எப்படி நிறுத்துவது என்பதே பெரிய சண்டை. 2007ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தார்கள். ஐந்து வருடம் கழித்து 2012ல், போயிங் 787 விமானப் பயிற்சி எந்தப் பக்கத்துப் பைலட்டுகளுக்கு என்ற தகராறில் ஏர் இந்தியா பைலட்டுகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதவி உயர்வு தள்ளிப்போகும் என்ற பயம்தான் அதற்கு அடியில் இருந்தது. விஸ்தாரா இணைப்புக்கு முன்னாலும், புதிய சம்பள ஒப்பந்தத்தில் வந்த அதிருப்தியால் 2024 ஏப்ரலில் எத்தனையோ விமானங்கள் ரத்தாயின. உள்ளே இருப்பவர்களுக்கே இந்த நிலைமை.

கேப்டன் கணக்கும் அப்படித்தான். கேப்டன் ஆகத் தேவையான ஏ.டி.பி.எல். என்ற லைசென்ஸை எடுக்க 1,500 மணி நேரம் வேண்டும். ஒரு பைலட் வருடத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. ஆகவே இரண்டு வருடத்தில் ஏ.டி.பி.எல்., மூன்றாம் வருடம் கமாண்ட் என்று தாளில் எழுதினால் நம்பும்படியாகத்தான் இருக்கும். ஆனால் மணி நேரம் சேர்ந்தவுடன் யாரும் கேப்டன் உட்காரும் இடது சீட்டைத் தூக்கிக் கொடுப்பதில்லை. நிறுவனம் தனக்கென்று வைத்திருக்கும் வரையறை, காலியிடம், சிமுலேட்டர் (தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் இயந்திரம்) ஸ்லாட், பயிற்சி கொடுக்கும் கேப்டன், அதற்குமேல் அடுக்கடுக்காகச் சோதனைகள். இதில் ஒன்று தடைபட்டாலும் காத்திருக்க வேண்டியதுதான். வெளியே ஒரு மாடி ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் இதில் எதற்கும் உத்தரவாதம் தர முடியாது.

ஆகஸ்டில் ரூ.5,00,000 கட்டினோம். அக்டோபரில் தென்கிழக்காசியாவில் ஒரு சென்டரில் சிமுலேட்டர் ஸ்லாட் பிடித்தாயிற்று என்று ரூ.7,40,000 வாங்கினார்கள். நடந்தது ஆன்லைனில் பதிவு செய்த வீடியோ பாடம், இரண்டு வாரம். ஸ்லாட் நவம்பர் என்றார்கள், பிறகு டிசம்பர், பிறகு ஜனவரி.

டிசம்பர் முதல் வாரத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கே நினைவிருக்கும். பைலட்டுகளின் வார ஓய்வை 36 மணியில் இருந்து 48 ஆக்கிய புதிய விதிகளுக்கு ஏற்ப ஆள் போதாமல், இண்டிகோ சில நாட்களில் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. ஏர்போர்ட்டில் ஜனங்கள் தரையில் படுத்திருந்த படங்கள் வந்துகொண்டிருந்த அதே நாளில் இவரே எங்களுக்குப் போன் செய்தார். "டிவி பாருங்க சார். பைலட் இல்ல. இப்ப டைப் ரேட்டிங் முடிச்சவங்களுக்குத்தான் முதல் கால். மீதியைக் கட்டினா பாப்பா பொங்கலுக்கு யூனிஃபார்மோட வருவா." அம்மா மறுநாளே நகையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ரூ.4,00,000. ஆக மொத்தம் ரூ.16,40,000.

பொங்கல் போயிற்று. போன் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் வரும், பதில் வராது. ஆபீஸ் பெண் "கேப்டன் ஃபிளைட்ல இருக்கார், இறங்கினதும் பேசுவார்" என்றாள். 65 தாண்டியவர் ஏர்லைன் விமானம் ஓட்ட முடியாது, அதை எங்களிடம் சொன்னதே அவர்தான். அப்போதுதான் எனக்கு அடிவயிறு கலங்கியது. அடுத்த வாரம் "விசா பிரச்சனை". அதற்கடுத்த வாரம், பேஸ் டிரெய்னிங் பேக்கேஜில் இல்லை, தனியாகக் கட்ட வேண்டும் என்றார்கள். சிமுலேட்டர் முடித்தாலும் உண்மையான விமானத்தில் டேக்-ஆஃப், லேண்டிங் செய்து காட்டாமல் என்னைப் போன்ற புதியவருக்கு டைப் ரேட்டிங் லைசென்ஸில் ஏறாது. முதல் நாளே அதைக் கேட்டேன். "எல்லாம் சேர்த்துத்தாம்மா" என்று சொன்ன வாய் அது.

கடைசியில் நானே அந்த வெளிநாட்டு சென்டருக்குப் போன் போட்டேன். என் பெயரில் எந்த புக்கிங்கும் இல்லை. நவம்பரிலும் இல்லை, டிசம்பரிலும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. ஐந்து நிமிடப் போன். ஆகஸ்டிலேயே போட்டிருந்தால் ரூ.16,40,000 வீட்டில் இருந்திருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைப் பார்க்கச் சொன்னார்கள். மூன்று ரசீதிலும் "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பயிற்சி என்ற வார்த்தை ஒரு இடத்திலும் இல்லை. பாடம் சொல்லிக்கொடுத்தே முப்பது வருடம் கழித்த என் அப்பா அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நானும் பக்கத்திலேயே இருந்தேன். போலீசில் முதலில் "பணத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். மூன்று முறை அலைந்த பிறகு நேற்றுதான் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது மனசு ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர்லைன் வேலைக்கு அந்தந்த ஏர்லைனின் சொந்த வெப்சைட்டில் மட்டும் விண்ணப்பியுங்கள், இன்டர்வியூ வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் நிற்காதீர்கள். டைப் ரேட்டிங் என்றால் சென்டருக்கு நீங்களே பேசி, பணத்தை நேராக அவர்கள் கணக்கில் கட்டுங்கள். அந்த சென்டரில் படித்தால் டி.ஜி.சி.ஏ. ஏற்குமா என்று முதலில் பாருங்கள். பேஸ் டிரெய்னிங் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். ரசீதைப் படியுங்கள். கேப்டன் ஆகும் வருடத்தைத் தாளில் எழுதிக் காட்டுபவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏர்போர்ட் பக்கம் அந்த மாடி ஆபீஸில் பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் மெசேஜையும் அழித்துவிடாதீர்கள். உங்கள் ஊர் காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுங்கள். ஒரே ஆளின் மேல் நாலைந்து புகார் சேர்ந்தால்தான் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள் போலிருக்கிறது. திங்கட்கிழமை அப்பாவும் நானும் மறுபடி கமிஷனர் ஆபீஸ் போகிறோம், அந்த நாலு கோடு போட்ட தாளையும் எடுத்துக்கொண்டு.