இலவச உதட்டுப்பிளவு ஆபரேஷன்: கேம்ப்புக்கு மூணு ஸ்டார், உள்ளூருக்கு நாலரை

மெஸ்ஸுக்கும் மிக்ஸிக்கும் ரிவ்யூ எழுதுகிற ஆள் நான். பெத்த பிள்ளைக்கு நடந்த ஆபரேஷனுக்கு ஸ்டார் போடுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, அதுவும் ஒரு ரூபாய் வாங்காமல் செய்து கொடுத்தவர்களுக்கு. ஆனால் போன மாதம் அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி யாரிடமோ நம்பர் வாங்கிக் கூப்பிட்டு, "ஏனுங்ண்ணா, பாப்பாவுக்கு உதடு பிளந்து பிறந்திருக்குதுங்க, அந்த வெளிநாட்டு டாக்டருங்க கேம்ப் மறுக்கா எப்பங்க வரும்?" என்று அழுதுகொண்டே கேட்டது. முக்கால் மணி நேரம் பேசினேன். பேசினதை எழுதியே வைத்துவிட்டால் அடுத்து வருகிறவர்களுக்கும் ஆகும்.

பல்லடம் பக்கம் விசைத்தறி எங்களுக்கு. மகன் 2018 ஆவணி பிறந்ததும் பிறந்தான். இடது பக்கம் உதடு மூக்கு வரைக்கும் பிளவு, வாயைத் திறந்தால் அன்னமும், அதாவது மேல்வாயும், பிளவு. பார்க்க வந்த ஒறம்பரை அத்தனை பேருக்கும் ஒரே கேள்விதான், கிரகணத்தப்ப இவ என்ன பண்ணினா? அந்த வருஷம் தைப்பூசமும் சந்திர கிரகணமும் ஒரே நாளில் வந்தன, ஜனவரி 31. அன்றைக்குப் பொழுதோட என் மனைவி அரசாணிக்காய் நறுக்கினாளாம், அதை என் அம்மா பார்த்தாராம். அந்த அரசாணிக்காய் எங்கள் வீட்டில் இன்னும் சாகவில்லை. பிற்பாடு ஒரு டாக்டர், மேலுதடு ஒட்டுகிற வேலை கரு உண்டாகி 4ஆம் வாரத்துக்கும் 7ஆம் வாரத்துக்கும் நடுவில் முடிந்துவிடும் என்று சொன்னார். வீட்டுக்கு வந்து காலண்டரை வைத்து எண்ணினேன், தைப்பூசத்துக்கு முன்பே முடிந்துபோன சங்கதி. உலகத்தில் சுமார் 700 பிரசவத்துக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது, அத்தனை வீட்டிலுமா அரசாணிக்காய் நறுக்கினார்கள்?

சரி, கேம்ப்புக்கு வருகிறேன்.

2019 தை மாதம், எங்கள் மாவட்டத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுக் குழு ஒன்று பத்து நாள் வந்து தங்கியது. வாசலில் சாமியானா, பிளாஸ்டிக் சேர், டோக்கன். எங்களுக்கு 86. முதல் நாள் முழுக்க ஆள் பொறுக்குவதுதான் வேலை. எடை, ரத்தம், சளி இருக்கிறதா, நெஞ்சு சுத்தமாக இருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். பத்து பத்து பத்து என்று ஒரு பழைய கணக்கு உண்டு, அங்கேதான் கேள்விப்பட்டேன்: பத்து வாரம் ஆகியிருக்க வேண்டும், பத்து பவுண்டு அதாவது நாலரைக் கிலோ இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் பத்து இருக்க வேண்டும். அந்த எடைக்குக் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு தனி. அன்னப்பிளவு உள்ள பிள்ளையால் சப்பிக் குடிக்க முடியாது, காற்று அந்த வழியில் போய்விடும். பீச்சின பாலைப் பாலாடையில் எடுத்து, பிள்ளையை நிமிர்த்தி வைத்து, கன்னத்தோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, நடுநடுவே நிறுத்தி ஏப்பம் எடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம். அந்தப் பாலாடை என் அப்பத்தா காலத்து வெள்ளி, மூக்கு நசுங்கினது. இன்னும் வைத்திருக்கிறோம்.

மொழிபெயர்க்க இன்ஜினியரிங் காலேஜ் பசங்களைப் போட்டிருந்தார்கள். நல்ல பசங்க, ஆனால் ஆஸ்பத்திரித் தமிழ் தெரியாது. மயக்க ஊசிக்கு முன்னால் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பதை ஒரு பையன் "காலைல இருந்து விரதம் இருக்கணுங்க" என்று சொல்லிவிட்டான். கோபிப் பக்கத்து அம்மிணி ஒருத்தி, வேண்டுதல் மாதிரி என்று நினைத்து, தான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்துவிட்டு, பேத்திக்கு மட்டும் வயிறு நிறையப் பால் கொடுத்துக் கூட்டி வந்துவிட்டாள். ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. எல்லோரும் சிரித்தோம், அந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை, பசி மயக்கம். எங்களுக்கு வேறு மாதிரி. தாய்ப்பாலை நாலு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்தினால் போதும், ஆனால் எங்கள் முறை வர மதியம் ஒன்றரை ஆனது. விடிகாலையிலிருந்து வெறும் வயிற்றோடு ஐந்து மாதப் பிள்ளை வராந்தாவில் கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது. சின்னக் குழந்தையை முதலில் எடுங்கள் என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. ஓசியில் வந்தவன் என்ன கேட்பது என்கிற நினைப்பு.

வேலை எப்படி என்றால், அதில் குறையே சொல்ல முடியாது. உள்ளே கொண்டுபோகும் முன் வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் வந்து, ஊதா மையில் பையன் உதட்டில் எங்கே என்ன செய்வேன் என்று புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டினார், கோலத்துக்குப் புள்ளி வைப்பது போலவே. நாங்கள் என்ன சொன்னாலும் "செரிங்க, செரிங்க" என்றார். யாரோ நம்மூர்க்காரர் சொல்லிக் கொடுத்திருக்கிறார், அந்த 'ங்க' சுத்தமாக வந்தது. சுமார் ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கி வந்தார்கள். தையல் வாயில் கை போய்விடக் கூடாது என்று இரண்டு முழங்கைக்கும் அட்டை வைத்துக் கட்டியிருந்தது. தறியில் இழை முடிச்சுப் போடுகிறவன் நான், அந்தத் தையலைப் பார்த்து வாய் பிளந்தேன். என் மனைவி என்னடா என்றால் "பழைய சிரிப்பக் காணமே" என்று அழுதாள். அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

அன்னத்துக்கு அடுத்த வருஷம் வருவோம், அப்போது செய்துகொள்ளலாம் என்றார்கள். வந்தார்கள், 2020 ஜனவரி. செய்தார்கள். நாங்கள் மூன்றாம் நாள் வீடு வந்தோம், பத்து நாளில் அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள், இரண்டு வாரம் கழித்து கஞ்சி கொடுக்கும்போது பையன் மூக்கு வழியாகக் கஞ்சி வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் அன்னத்தில், தைத்த இடத்தில், மிளகு அளவுக்கு ஓட்டை.

கையில் இருந்தது ஓர் அட்டை, அதில் எல்லாம் இங்கிலீஷ். அதிலிருந்த நம்பருக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டால் "அது அவங்க பண்ணினதுங்க, அடுத்த வருஷம் வருவாங்க, அப்பக் காட்டிக்குங்க" என்றார்கள். மார்ச்சில் ஊரடங்கு போட்டான். 2021லும் யாரும் வரவில்லை. விமானமே பறக்காதபோது அவர்கள் எப்படி வருவார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் பிள்ளை பேசக் கற்றுக்கொள்கிற வயது விமானம் பறக்கிற வரைக்கும் காத்துக்கொண்டா இருக்கும்?

அந்த ஓட்டையால் என்ன ஆகும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 'ப' சொல்ல வாய்க்குள் காற்று அடைபட்டு வெடிக்க வேண்டும். ஓட்டை வழியாகவும், சரியாக மூடாத பின்னன்னம் வழியாகவும் காற்று மூக்குக்குப் போய்விட்டால் 'ப' என்பது 'ம' ஆகிவிடும், 'த' போய் 'ந' ஆகும். தாத்தா நாநா ஆனார், பாப்பா மாம்மா ஆனாள். என் பையன் என்னை நாலு வயது ஆகியும் அம்மா என்றுதான் கூப்பிட்டான். தறி ஓடுகிற சத்தத்தில் அம்மா என்று கத்திக்கொண்டு ஓடி வருவான். பக்கத்துத் தறிக்காரர்கள் அதையே எனக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். வேறென்ன செய்வது.

ராத்திரி ஷிப்டில் போனை நோண்டிப் படித்ததில் தெரிந்தது, இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக டாக்டர் டொனால்ட் லாப் 1969லேயே இன்டர்பிளாஸ்ட் என்று ஒன்றை ஆரம்பித்து வெளிநாடுகளுக்குக் குழு அனுப்பியிருக்கிறார். பிற்பாடு பில் மகீ என்கிற டாக்டரும் நர்ஸான அவர் மனைவி கேத்தியும் ஒரு குழுவோடு பிலிப்பைன்ஸ் போய், வந்த கூட்டத்தில் கொஞ்சம் பேருக்கு ஆபரேஷன் செய்துவிட்டு மிச்சப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அது மனசை அறுத்துத்தான் 1982இல் ஆபரேஷன் ஸ்மைல் என்கிற தொண்டு நிறுவனம் தொடங்கியது. திருப்பி அனுப்பினது என்றதும் எனக்கு எங்கள் கேம்ப்புக்கு பர்கூர் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பொம்பளை ஞாபகம்தான் வந்தது. பிள்ளைக்குச் சளி, அடுத்த வருஷம் வா என்று விட்டார்கள். சளியோடு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்கு ஆபத்து, மருத்துவப்படி சரியான முடிவு. ஆனால் சளி பத்து நாளில் போய்விடும், கேம்ப் வர ஒரு வருஷம் ஆகும். 1999இல் வந்த ஸ்மைல் டிரெயின் என்கிற இன்னொரு தொண்டு நிறுவனம் இதை வேறு மாதிரி யோசித்தது. டாக்டரை விமானத்தில் ஏற்றுகிற செலவில் உள்ளூர் டாக்டருக்கே பயிற்சியும் பணமும் கொடுத்தால் வருஷம் முழுக்க வேலை நடக்கும் அல்லவா. 2015இல் லான்செட் என்கிற மருத்துவ இதழின் ஆணையம் போட்ட கணக்கு: பாதுகாப்பான ஆபரேஷன் கிடைக்காத ஜனம் உலகத்தில் 500 கோடி, வருஷத்துக்கு இன்னும் 14 கோடியே 30 லட்சம் ஆபரேஷன் தேவை. விமானத்தில் வந்து முடிக்கிற காரியமா அது?

எங்களுக்கு வழி காட்டினது அங்கன்வாடி டீச்சர். மத்திய அரசின் ஆர்பிஎஸ்கே என்கிற குழந்தைகள் மருத்துவத் திட்டம் 2013இலிருந்து இருக்கிறது, பிறப்பிலிருந்து 18 வயது வரைக்கும், உதட்டுப்பிளவு, வளைபாதம், பிறவி இருதயக் கோளாறு எல்லாம் அதில் வரும். இதை ஒருத்தர் 2018இலேயே சொல்லியிருந்தால்! அது வழியாகக் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி, அங்கே ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் பணத்தில் நம்ம டாக்டர்களே வருஷம் முழுக்க இலவசமாகச் செய்கிறார்கள். பெயர் போடவில்லை, விளம்பரம் என்பார்கள்.

வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், கேம்ப்பைத் திட்டவில்லை. "நல்லா பண்ணியிருக்காங்க. யார் தைச்சாலும் சிலருக்கு இப்படி ஓட்டை விழும்" என்றார். அதைச் சொன்னதற்கே அரை ஸ்டார் எச்சாப் போடலாம். அப்புறம் பல் டாக்டர், காது டாக்டர், பேச்சுப் பயிற்சி மேடம் மூவரையும் ஒரே நாளில் பார்த்தோம். காதுக்குள் நீர் கட்டியிருக்கிறது, அதனால்தான் டிவியைச் சத்தமாக வைக்கிறான் என்றார்கள். இரண்டு வருஷமாக அடம் என்று நினைத்து அடித்திருக்கிறேன்.

2022இல் ஓட்டையை அடைத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில் முதல் முறை, கையெழுத்து வாங்கும் படிவம் தமிழில். மூன்று வாரத்துக்கு நீராகாரம், அப்புறம் குழைவாக, அரிசியும் பருப்பும் சாதத்தை மசிய மசியக் கடைந்து நெய் விட்டுக் கொடுத்தோம். மூக்கு வழியாக ஒன்றும் வரவில்லை.

பேச்சுப் பயிற்சிதான் நிஜமான வைத்தியம், ஆபரேஷன் பாதிதான் என்று இப்போது சொல்வேன். மேடம் ஒரு சின்னக் கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்து 'பா' சொல்லச் சொல்வார். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று மூக்கில் போகிறது என்று அர்த்தம். வாரம் ஒரு நாள் அங்கே, மிச்ச நாள் வீட்டில். என் அப்பாரு காலத்துச் சவரக் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டோம். எட்டு மாசம் கழிந்து ஒரு நாள் கண்ணாடி மங்காமல் 'அப்பா' வந்தது. அவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, "அப்பா, பால்கோவா" என்று அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டான்.

குறை இல்லாமல் இல்லை. வாரா வாரம் பஸ்ஸில் போய் வர, தறிக் கூலி போக, எனக்குக் கைக்காசு 18,000 வரைக்கும் ஆனது. இலவசம் என்றால் ஆபரேஷன் மட்டும்தான் இலவசம், தெரிந்தே போங்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் சாப்பாடு உண்டு, கூட வருகிறவருக்குக் கேண்டீன்தான், அந்தச் சாம்பாருக்கே அரை ஸ்டார் குறைக்கிறேன். டோக்கன் கொடுக்கும் இடத்தில் உட்கார நிழல் இல்லை.

ஒரு தடவை போனபோது டாக்டர் இல்லை. ஆப்பிரிக்கா போயிருக்கிறார், இரண்டு வாரம், அங்கே பிள்ளைகளுக்கு ஆபரேஷன் என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்ததும் கேட்டே விட்டேன், நீங்களும் தைச்சுட்டு ஓடி வந்துட்டீங்களா சார் என்று. சிரித்தார். "முன்னெல்லாம் அப்படித்தானுங்க. இப்ப அந்த ஊர் டாக்டர் ரெண்டு பேர் கத்தியப் பிடிக்கறாங்க, நான் பக்கத்துல நிக்கறேன். நான் கிளம்பின பின்னாடியும் அவங்க அங்கயே இருப்பாங்கல்ல" என்றார்.

கேம்ப்புக்கு மூணு ஸ்டார் போட்டது தையலுக்காக. உங்கள் ஊரில் வந்தால் போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். போனால் ஒன்று மட்டும் கேளுங்கள்: நீங்க போன பின்னாடி தையல் பிரிஞ்சா இந்த ஊர்ல யாரைப் பார்க்கணும்? பெயரும் நம்பரும் தமிழில் எழுதித் தந்தால் படுக்கவையுங்கள். அவிநாசித் தங்கச்சிக்கும் இதைத்தான் சொன்னேன், பாலாடையும் கொரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டேன், அவர்களிடமே இருக்கிறதாம்.

பையனுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. ஈறில் இருக்கும் பிளவுக்கு இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும், கோரைப்பல் இறங்குவதற்கு முன்னால். எக்ஸ்ரே பார்த்துத் தேதி சொல்கிறேன் என்றிருக்கிறார்கள். முடிந்ததும் இதற்குக் கீழேயே எழுதுகிறேன், கேண்டீன் சாம்பார் மாறியிருந்தால் அதையும்.