டிக்கிக்குப் போன பேட்டரி: வேலூர் வெயிலில் மூன்று கோடைகள்

பேட்டரியை போனட்டுக்கு அடியிலிருந்து பின்னால் டிக்கிக்குக் கொண்டுபோவது அரை நாள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரியைத் தூக்கி வைப்பது அரை மணி நேரம்தான். மீதி முழுக்கக் கேபிள், எர்த், ஃபியூஸ், காற்றோட்டம். இந்த நான்கில் எதில் கை வைத்துச் சிக்கனம் பிடித்தாலும் அடுத்த வருஷத்துக்குள் வண்டி அதைச் சொல்லிவிடும். இங்கே எழுதுவது சத்துவாச்சாரியில் நிற்கும் ஒரு 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக்கைப் பற்றி. தினமும் ராணிப்பேட்டை போய்வரும் வண்டி. மாதம் ஒருமுறை ஏலகிரி ஏறும். பேட்டரி டிக்கிக்குப் போய் மூன்று கோடை முடிந்துவிட்டது.

மாற்றியதற்கு ஒரே காரணம் வெப்பம். மே மாதம் வேலூரில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டும். நெடுஞ்சாலையில் ஓட்டி வந்து வண்டியை நிறுத்தியதும் ரேடியேட்டர் வழியாக வரும் காற்று நின்றுவிடும். என்ஜினில் தேங்கிய சூடு போனட்டுக்குள்ளேயே சுற்றும். ஓடும்போது இருப்பதைவிட, நிறுத்திய முதல் அரை மணி நேரத்தில்தான் பேட்டரி அதிகம் வேகும். லெட் ஆசிட் பேட்டரிக்குப் பொதுக் கணக்கு ஒன்று உண்டு: வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். டிக்கியும் வெயிலில் சூடாகும்தான். ஆனால் என்ஜின் சூடு அங்கே வராது. மாலை ஆனதும் ஆறிவிடும்.

எடைச் சமநிலைக்காக மாற்றுகிறேன் என்பவர்களுக்கு ஒரு சொல். சின்ன பெட்ரோல் காரில் வரும் 38பி20எல் வகை 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி பத்துக் கிலோவுக்கு உள்ளேதான். கேபிள், பெட்டி, பிளேட் எல்லாம் சேர்ந்து நான்கைந்து கிலோ புதிதாக ஏறுகிறது. பந்தய வண்டிக்கு அது பொருட்டாகலாம். காட்பாடி பாலத்தில் டிராஃபிக்கில் ஊரும் வண்டிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

முதலில் கேபிள். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது இந்த அளவு என்ஜின் சுமார் 150 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கியிலிருந்து செல்ஃப் வரை வளைவு நெளிவுகளோடு ஐந்து மீட்டர். 16 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கேபிளில் பாசிட்டிவ் பக்கம் மட்டும் 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 25-ல் 0.6, 35-ல் 0.42, 50-ல் 0.29. இதெல்லாம் 20 டிகிரி கணக்கு. 60 டிகிரியில் செம்பின் தடை இன்னும் ஆறில் ஒரு பங்கு கூடும். நம் ஊருக்கு 35-க்குக் கீழே இறங்கக் கூடாது. டீசல் என்ஜின் என்றால் 50. இந்த வண்டியில் 35 போட்டு, ஃபியூஸ், லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) எல்லாம் சேர்த்து மீட்டரில் வருவது அரை வோல்ட்டை ஒட்டி. அது ஏற்றுக்கொள்ளக்கூடிய எல்லை. அதற்கு மேல் போனால் எங்கோ ஒரு இணைப்பு சரியில்லை.

வாங்கும்போது ஏமாறும் இடமும் இதுதான். மேலே செம்பு முலாம், உள்ளே அலுமினியம் என்று ஒரு கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும். ஒரு இழையைத் தனியே இழுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். தராசும் பொய் சொல்லாது: 35 ஸ்கொயர் எம்.எம். சுத்தச் செம்பு, உறையை விட்டுவிட்டால் மீட்டருக்கு 300 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். அலுமினியம் கலந்தது அதில் பாதிகூட வராது. ரப்பர் உறை போட்ட செம்பு வெல்டிங் கேபிள் நன்றாக வளையும், எண்ணெய்க்கும் சூட்டுக்கும் தாங்கும். இந்த வேலைக்கு அது போதும்.

லக் அடிப்பதில் சுத்தியல் கூடவே கூடாது. சுத்தியலால் நசுக்கிய லக் முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் இழைகளுக்கு நடுவே பச்சை பூக்கும், லக் சுடும், ஒருநாள் காலையில் டக் டக் என்று சத்தம் மட்டும் வரும். ஈயம் ஊற்றி முடிப்பதும் சரியல்ல. ஈயம் இழைகளுக்குள் ஏறி, லக் முடியும் இடத்தில் கேபிளைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிடும், அதிர்வில் அங்கேதான் ஒடியும். ஈயம் பூசிய செம்பு லக், ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியில் அறுகோண அச்சு, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய். இந்தக் கருவி கார் எலக்ட்ரீசியன்களிடம் அநேகமாக இருக்காது. பேனல் போர்டு கட்டுகிறவர்களிடம் இருக்கும். நீளத்தைக் கயிற்றால் அளந்து, கேபிளை வெட்டி, அங்கே கொண்டுபோய் இரண்டு முனையும் அடித்து வாங்கிவிடலாம்.

ஃபியூஸ் போடாத வண்டியில் ஏறவே வேண்டாம். முன்னால் இருந்தபோது பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் ஒரு முழ தூரம். அதனால் கம்பெனி அங்கே ஃபியூஸ் இல்லாமல் விட்டிருக்கலாம். இப்போது உயிருள்ள கேபிள் உங்கள் காலடியில் ஐந்து மீட்டர் ஓடுகிறது. கதவு ஓரத் தகட்டில் உரசி உறை கிழிந்தால் ஆயிரம் ஆம்பியர் தாராளமாகப் பாயும், கேபிள் பழுக்கும், கார்ப்பெட் பற்றும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு அடிக்குள் 200 ஆம்பியர் மெகா ஃபியூஸ் (போல்ட் வைத்து இறுக்கும் பெரிய ஃபியூஸ்) போதும். செல்ஃப் எடுக்கும் முதல் நொடியில் கரண்ட் 200-ஐத் தாண்டினாலும் மெகா ஃபியூஸ் உடனே உருகாது. இரண்டு மடங்கு கரண்டுக்கே ஒரு நொடியாவது தாங்கும். ஆடியோ கடையில் கிடைக்கும் பளபளப்பான கண்ணாடி ஃபியூஸ் இந்த வேலைக்கு ஆகாது; அதன் திருகுகள் அதிர்வில் தளரும்.

கேபிள் போகும் வழி காருக்கு உள்ளே, கதவு ஓரக் கார்ப்பெட்டுக்கு அடியில். அடிப்பக்கமாக வெளியே இழுத்தால் சைலன்சர் சூடு, பாலாற்று மணல் லாரிகள் தெறிக்கவிடும் கல், மழைக்காலச் சேறு எல்லாம் அதற்குத்தான். என்ஜினுக்கும் காரின் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தகடான ஃபயர்வாலில் துளை போட்டால், துளை ஓரம் கேபிளை அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையமான கிராமெட் கட்டாயம். சீட் அடியில் மஞ்சள் நிற ஒயர் தெரிந்தால் அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட்டுடையது. அதோடு சேர்த்து டை கட்டக் கூடாது. வேலை தொடங்கும் முன் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடமாவது பொறுத்திருங்கள்.

எர்த் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புகாரோடு வரும் வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு இங்கேதான். பின்னால் நெகட்டிவ் கேபிள் அரை மீட்டருக்குள், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் மெம்பரில் தனி போல்ட். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடக் கூடாது. பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய வேண்டும், லக், ஸ்டார் வாஷர், நட், இறுக்கிய பிறகு மேலே ரெட் ஆக்சைடு. இதைப் பலரும் ஒழுங்காகச் செய்துவிடுகிறார்கள். மறப்பது முன்பக்கத்தை. முன்பு பேட்டரி நெகட்டிவிலிருந்து தடித்த கேபிள் ஒன்று நேரே என்ஜினுக்கோ கியர் பாக்ஸுக்கோ போயிருக்கும். பேட்டரியோடு அதையும் கழற்றிவிட்டு, பாடிக்குப் போகும் மெல்லிய ஒயரை மட்டும் விட்டுவைத்தால் செல்ஃப் கரண்ட் முழுவதும் திரும்ப வேறு வழி தேடும். கிளட்ச் கேபிள், கியர் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் என்று இரும்புக் கம்பி எது கிடைக்கிறதோ அது வழியாகப் போகும். கிளட்ச் கேபிளின் உள் உறை உருகி இறுகிப்போன வண்டிக்கு கிளட்ச் மாற்றியும் சரியாகாமல் அலைந்தவர்கள் உண்டு. என்ஜினிலிருந்து பாடிக்கு அதே 35 ஸ்கொயர் எம்.எம்.-ல் ஒரு எர்த் போடுங்கள். பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள், 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

பேட்டரியை வைக்கும் இடம்: சைலன்சர் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்க மூலை. ஸ்பேர் வீல் மூடிக்கு மேலே வைத்துவிட்டுப் பஞ்சரான அன்று பேட்டரியைக் கழற்றிக்கொண்டு நிற்காதீர்கள். துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க், அதன் குழாய்கள், பிரேக் பைப். பந்தய வண்டிகளுக்கான எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதி 10 எம்.எம். போல்ட்டும், பாடிக்கு அடியில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் 3 எம்.எம். தடிமனில் 20 சதுர சென்டிமீட்டர் பிளேட்டும் கேட்கிறது. வீட்டு வண்டிக்கும் அதே அளவுதான் சரி. லேத் பட்டறையில் சொன்னால் வெட்டித் தருவார்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்கிய பிறகு போல்ட் தலைகளில் போட்ட பெயிண்ட் கோடு நகராமல் இருந்தால் பிடிமானம் சரி.

இந்த வண்டியில் முதல் இரண்டு வருஷம் பழைய 35 ஆம்பியர் சாதா பேட்டரியே மூடிய பெட்டிக்குள் இருந்தது. சாதா பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். ஹேட்ச்பேக்கில் டிக்கியும் பயணிகள் இருக்கும் இடமும் ஒன்றுதான். அதனால் பெட்டி மூடியின் உச்சியிலிருந்து 12 எம்.எம். குழாய் ஒன்று தரை வழியாக வெளியே, எதிர்ப்பக்கம் கீழிருந்து காற்று வர இன்னொன்று. இரண்டின் வாயிலும் வலை. இல்லாவிட்டால் எறும்பு புற்று கட்டி அடைத்துவிடும், அடைத்தது வெளியே தெரியாது. மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்று ஸ்டிக்கர் ஒட்டியதெல்லாம் வாயு விடாதது என்று அர்த்தம் இல்லை. காருக்குள் அழுகிய முட்டை வாடை வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓரம் கட்டுங்கள். சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய் ஓவர் சார்ஜ் ஆகிறது என்று பொருள்.

மூன்றாம் வருஷம் ஏஜிஎம் பேட்டரி, அதாவது ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய பேட்டரி, போட்டாயிற்று. வாயு விஷயத்தில் நிம்மதி. இருந்தும் குழாயைக் கழற்றவில்லை. விலை கூடுதல், 60 ஆம்பியர் ஏஜிஎம் என்பதால் எடையும் கூடுதல். யூபிஎஸ்ஸில் வரும் சீல்டு பேட்டரியைப் போட்டுப் பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது மெல்ல மெல்லக் கரண்ட் தருவதற்குச் செய்தது; செல்ஃப் அடித்து அடித்தே சீக்கிரம் படுத்துவிடும்.

எதிர்பாராத ஒரு குறை மெதுவாகத்தான் தெரிந்தது. என்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் சூடானால் வோல்ட்டேஜைக் குறைக்கும். பக்கத்தில் இருக்கும் பேட்டரியும் சூடாக இருக்கும் என்ற கணக்கில் அப்படிச் செய்திருக்கிறார்கள். இப்போது பேட்டரி பின்னால் குளிர்ச்சியாக இருக்கிறது, ரெகுலேட்டர் மட்டும் முன்னால் வேகிறது. கோடையில் டிக்கியில் 13.7 வோல்ட்தான் வருகிறது, ஏஜிஎம் 14.4 கேட்கும். சின்னச் சின்ன ஓட்டத்தில் அது முழுதாக நிரம்புவதில்லை. மாதம் ஒருநாள் ராத்திரி ஏஜிஎம் மோடு உள்ள சார்ஜரில் போட்டு வைத்தால் காலையில் 12.8 காட்டும். அந்த ஒரு வேலை புதிதாகச் சேர்ந்திருக்கிறது. மற்றபடி கோடையில் செல்ஃப் தயங்குவது நின்றுவிட்டது. பேட்டரி முனையில் வெள்ளைப் பூ பூப்பதும் இல்லை.

தொந்தரவு வந்தது எலியால். வடகிழக்குப் பருவமழையில் அடைக்கலம் தேடி வந்து, ஃபயர்வால் பக்கம் ரப்பர் உறையை ஒரு விரல் நீளம் கடித்துவைத்திருந்தது. செம்பு தெரியவில்லை, தப்பித்தது. அந்தப் பகுதி முழுக்க இப்போது கெட்டியான நைலான் குழாய்க்குள். டிக்கி கதவு ஓர ரப்பரான பீடிங் வழியாக மழைத் தண்ணீர் இறங்குகிறதா என்பதையும் அக்டோபருக்கு முன் பார்த்துவிட வேண்டும். எர்த் போல்ட் துருப்பிடிப்பது அப்படித்தான்.

சிஎன்ஜி அல்லது எல்பிஜி சிலிண்டர் டிக்கியில் உள்ள வண்டி, பேட்டரி முனையில் சென்சார் வைத்து வரும் ஸ்டார்ட் ஸ்டாப் (சிக்னலில் நின்றால் என்ஜின் தானே அணையும்) வண்டி, வாரண்டி முடியாத வண்டி: இந்த மூன்றிலும் இந்த வேலையை எடுக்கக் கூடாது. அவற்றுக்குப் பேட்டரியைச் சுற்றி ஒரு வெப்பத் தடுப்பு உறையே போதும். டிக்கி கரண்டில் மட்டும் திறக்கும் வண்டியாக இருந்தால் சாவித் துளையோ உள்ளிருந்து இழுக்கும் கம்பியோ இருக்கிறதா பாருங்கள். பேட்டரி படுத்த அன்று டிக்கி திறக்காது. முன்னால், பழைய பேட்டரி இருந்த இடத்தில் மூடியோடு ஒரு பாசிட்டிவ் முனை விட்டுவைத்தால் ஜம்ப் கொடுக்க வசதி. போனட்டைத் திறந்ததும் கண்ணில் படும்படி ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிடுங்கள்: பேட்டரி டிக்கியில், இடது மூலை, நெகட்டிவை முதலில் கழற்றவும். விபத்தில் ஓடிவருகிறவர் கரண்டைத் துண்டிக்க முதலில் தேடுவது போனட்டுக்கு அடியில்தான்.