கரட் கொடுக்கல் வாங்கலுக்கு வாய்ப்பேச்சா, கடதாசியா?

வெலிமடைப் பக்கம் மரக்கறி செய்கிற எங்களுக்கு வியாபாரியோடு பேச்செல்லாம் போனிலேயே முடிந்துவிடும். “அண்ணே, நாளைக்கு லொறி வரும், காசை அப்புறம் பார்ப்போம்.” போன போகத்திலிருந்து நான் எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் சரக்கு ஏற்றுகிறேன். இனி வாய்ப்பேச்சுக்குத் திரும்ப மாட்டேன்.

வாய்ப்பேச்சு சட்டத்தில் செல்லவே செல்லாது என்பது சரியில்லை. நம் இலங்கையில் ஒப்பந்தங்களுக்கு அடிப்படை, ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டம். இரு தரப்பும் மனமொத்துப் பேசியதே பொதுவாகப் போதும். ஆனால் சரக்கு விற்பனைக்கு 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் கூடுதலாக ஒன்று கேட்கிறது. கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். இல்லையேல் வாங்குபவர் சரக்கில் கொஞ்சமாவது ஏற்றிருக்க வேண்டும், அல்லது அட்வான்ஸாவது தந்திருக்க வேண்டும். போனில் சொன்னதை நம்பிக் கரட்டைப் பிடுங்கிக் கழுவி வைத்து, லொறி வராமல் போனால் வழக்குப் பேச இடமில்லை.

நொத்தாரிசு, அதாவது உறுதி எழுதிச் சான்றுபடுத்தும் சட்டத்தரணி, முன் எழுதும் உறுதி காணிக்குத்தான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை என்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம்; இது 1840ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டம். கரட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

என்னைக் கடதாசிப் பக்கம் திருப்பியது காலக்கெடுதான். விற்றுக் கொடுத்த சரக்கின் பணத்துக்கு, அது சேர வேண்டிய நாளிலிருந்து ஒரே வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1871ஆம் ஆண்டுச் சட்டம். கடைக் கணக்குக்கும் அதே கெடு. எழுதிக் கொடுத்த வாக்குறுதிக்கோ 6 வருடம். “அடுத்த சந்தைக்குத் தருகிறேன், தீபாவளிக்குத் தருகிறேன்” என்று இழுக்கிற வியாபாரியிடம் ஒரு வருடம் எப்படிப் போகும் என்று மரக்கறி செய்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் கொப்பித் தாளில் கார்பன் வைத்து எழுதுகிறோம். இரண்டு பேரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை கிலோ, கிலோ விலை, மூட்டைக்கு எவ்வளவு கழிவு, லொறிக் கூலி யாருடையது, “இன்ன திகதிக்குள் இவ்வளவு ரூபா தருவேன்” என்ற வரி. இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் அது வெறும் சிட்டைதான். அப்படிப்பட்ட சிட்டையையும் 6 வருடக் கணக்கில் சேர்ப்பார்களா என்று சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இரு தரப்பையும் இணக்கப்படுத்திப் பார்க்கிற மத்தியஸ்த சபை வரைதான் போயிருக்கிறேன், நீதிமன்றப் படி ஏறியதில்லை. அந்தச் சபையில் தாளைக் காட்டியதும் விலையைப் பற்றிய வாக்குவாதம் நின்றது, தவணை பற்றி மட்டும் பேசினோம்.

வியாபாரி சிங்களத்தில் அச்சடித்த பில் புத்தகத்தை நீட்டினால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்காமல் போட்ட கையெழுத்தும் பொதுவாக நம்மைக் கட்டும். நான் அதன் அடியிலேயே அதே விபரத்தைத் தமிழில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மூட்டையைத் தூக்க விடுகிறேன்.